கண்ணாடிக்குள் ஒரு வரலாற்று வகுப்பு

வரலாற்றுப் பாடம் என்றதும் எங்களில் பலருக்கு ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் கவலைதான் முதலில் வருகிறது. இரண்டாம் உலகப் போர் 1939இல் தொடங்கி 1945இல் முடிந்தது என்று எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். அந்த ஆண்டுகளில் எங்கள் வயதுப் பெண் ஒருத்தி எப்படி வாழ்ந்தாள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இக்குறையைப் போக்க இன்று சில நாடுகளின் பள்ளிகளில் மெய்நிகர் காட்சி பயன்படுகிறது. இதனை வர்ச்சுவல் ரியாலிட்டி என்பர். கண்களை முழுவதும் மறைக்கும் கண்ணாடி போன்ற கருவியைத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்கள் தெரிவதால், மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழமுள்ள காட்சியாகக் கொள்கிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. ஆகவே அவ்விடத்திலேயே நிற்பது போலத் தோன்றுகிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள ஆன் பிராங்க் இல்லம். ஹிட்லரின் ஆட்சி யூதர்களை வேட்டையாடிய காலத்தில், 1942 ஜூலை 6 அன்று ஆனின் குடும்பத்தார் நால்வர் அங்கே மறைந்து வாழத் தொடங்கினர். பின்னர் வேறு நால்வரும் சேர்ந்தனர். புத்தக அலமாரி ஒன்று அவர்கள் இருந்த பகுதியின் வாயிலை மறைத்தது. கீழே வேலை செய்வோருக்குக் கேட்காதபடி பகலில் ஓசையின்றி இருக்க வேண்டும். 1944 ஆகஸ்ட் 4 அன்று அவர்கள் பிடிபட்டபோது ஆனுக்கு வயது 15. எண்மரில் உயிரோடு திரும்பியவர் தந்தை ஓட்டோ பிராங்க் மட்டுமே.

அந்த அறைகளை 2018 முதல் மெய்நிகர் காட்சியாகவும் காணலாம். செங்குத்தான படிகளில் ஏற இயலாதவர்களுக்கும், தொலைவில் இருப்பவர்களுக்கும் இது பெரும் உதவி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காட்சியில் கட்டில், மேசை எல்லாம் இருக்கின்றன. உண்மையான அறைகளோ வெறுமையாக உள்ளன. அவர்கள் பிடிபட்ட பின் பொருள்களை எடுத்துச் சென்றுவிட்டனர். அவ்வறைகள் அப்படியே இருக்கட்டும் என்பது தந்தையின் விருப்பம். கண்ணாடியில் மட்டும் பார்த்தவள் அந்த வெறுமையைக் காணமாட்டாள்.

மேலும், நாம் பார்ப்பது அன்றைய அறையன்று. சான்றுகளைக் கொண்டு இன்று அமைத்த அறை. கண்ணாடியைச் சில நிமிடங்களில் கழற்றிவிடலாம். ஆன் அங்கே 761 நாள்கள் இருந்தாள். அந்த நாள்களின் அச்சத்தையும் நம்பிக்கையையும் அறிய, 1947இல் வெளிவந்த அவளுடைய நாட்குறிப்பைத்தான் படிக்க வேண்டும்.

தோழியரே! கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் பெரியோர். புதிய கருவி நம் பள்ளிக்கும் வரட்டும், மகிழ்ச்சியோடு வரவேற்போம். அதைக் கழற்றி வைத்த பின் நூலகத்திற்கும் செல்வோம். இக்காட்சி எதைக் கொண்டு அமைக்கப்பட்டது என்று ஆசிரியரைக் கேட்போம். அப்போது 1944 என்பது நமக்கு வெறும் எண்ணாக இராது. நம் வயதுத் தோழி ஒருத்தியின் முகமாக இருக்கும்.