சினைக்காலத்துத் தூண்டில்

இங்கிலாந்தில் மே மாதம் பிறந்தால் தூண்டில்காரர்களுக்குக் கை பரபரக்கும். ஆனால் வானிலை ஒரு நிலையில் நிற்காது. இரண்டு நாள் வெயில் அடிக்கும், மறுநாள் வடகிழக்கிலிருந்து குளிர்காற்று வீசும், அதற்கடுத்த நாள் மழை பிடித்துக்கொள்ளும். ப்ரீம், கார்ப், டென்ச் மீன்கள் முட்டையிடும் பருவமும் இதுதான். லண்டனுக்கு வடக்கே, லீ ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஏரிகளில் இந்தப் பருவத்தில் தூண்டில் போட்டுக் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

நீரை அளந்து பாருங்கள்

என் பையில் முள்ளுக்கும் இரைக்கும் முன்னால் ஏறுவது ஒரு தெர்மாமீட்டர். காற்று ஒரே பகலில் சூடாகிவிடும், நீர் மெதுவாகத்தான் சூடேறும். பெர்ச் மீன் நீர் 10 டிகிரியைத் தாண்டிய கொஞ்ச நாளிலேயே, பெரும்பாலும் ஏப்ரலில், நாடா போன்ற முட்டைச் சரத்தை மூழ்கிய கிளைகளில் சுற்றிவிடும். ப்ரீம் 15 டிகிரியை ஒட்டியும், கார்ப்பும் டென்ச்சும் 18 முதல் 20 டிகிரியிலும் முட்டையிடும்.

ஆழத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இப்பள்ளத்தாக்கின் ஏரிகள் பலவும் சரளைக்கல் தோண்டியெடுத்த பள்ளங்கள். ஆழமில்லாத குட்டையில் கார்ப் முட்டையிட்டு முடித்திருக்கும். அதே வாரம் பக்கத்து ஆழமான ஏரியில் ஆரம்பித்தே இருக்காது. அதனால் ஓரிடம் படுத்துவிட்டால் இன்னோரிடம் போய்ப் பார்ப்பேன்.

குளிர் குறுக்கிட்டால்

நம் ஊரில் கட்லாவும் ரோகும் முட்டையிட மழை வெள்ளம் ஆற்றில் வர வேண்டும். இங்கே கார்ப் தேங்கிய நீரிலேயே முட்டையிடும். அதற்கு வேண்டியது தொடர்ந்த சூடும் ஒட்டிக்கொள்ள நீர்ச்செடியும். அங்கே தொடங்கி வைக்கும் மழை, இங்கே குளிரோடு வந்து நிறுத்தி வைக்கும்.

வெயில் சில நாள் நீடித்தால் முட்டையிடுவது சீக்கிரம் முடிந்துவிடும். நடுவில் குளிர் வந்தால், கரையோரம் கூடியிருந்த மீன்கள் ஆழத்துக்கு இறங்கிவிடும். மறுபடி சூடேறினால் திரும்பி வரும். இப்படித் தவணை தவணையாக வாரக்கணக்கில் இழுக்கும். அப்போது ஒரே ஏரியில் முட்டையிட்டு முடித்தவை, பாதியில் நிற்பவை, சினையோடு காத்திருப்பவை என மூன்று வகையும் இருக்கும். நேற்று தக்கையை ஓயாமல் இழுத்த அதே இடத்தில் இன்று அசைவே இல்லாமல் போவது இதனால்தான்.

அடையாளங்கள்

பிடித்த ப்ரீமின் தலையில் வெள்ளைப் பருக்கள் தெரிந்து, உடம்பு உப்புத்தாள்போலச் சொரசொரத்தால் அது ஆண். முட்டையிடும் நேரம் நெருங்கிவிட்டது. விடிந்ததும் நாணல் ஓரத்தில் தண்ணீர் தெறிக்க, பல ஆண் கார்ப்புகள் ஒரு பெண்ணைத் துரத்தினால் முட்டையிடுதல் தொடங்கிவிட்டது. அந்தக் கரையில் தூண்டில் போடாதீர்கள். அவற்றுக்கு அப்போது இரையில் நாட்டமே இருக்காது. முள் உடம்பில் குத்திக்கொள்ளத்தான் வாய்ப்பு அதிகம்.

முட்டையிடுவதற்கு முந்தைய நாள்களில் மீன் நன்றாக இரையெடுக்கும். முடிந்தபின் சில நாள் சோர்ந்து கிடந்து, பிறகு பசியோடு வரும். தூண்டிலுக்கு ஏற்ற நாள்கள் இவ்விரண்டும்தான். முதலாவதில் வயிறு நிறைய முட்டை, இரண்டாவதில் உடம்பெல்லாம் உரசல் காயம். ஆகவே கையை நனைத்துக்கொண்டு, மெத்தை விரிப்பில் கிடத்தி, முள்ளை எடுத்ததும் நீரில் விட்டுவிடுங்கள். கூடு வலையில் அடைத்து வைக்க வேண்டாம்.

காற்றும் இரையும்

மிதமான தென்மேற்குக் காற்று சூடான மேல்நீரை எதிர்க்கரைக்குத் தள்ளும். காற்று முகத்தில் படும் அந்தக் கரையில் உட்காருங்கள். குளிர்ந்த வடகிழக்குக் காற்றானால், அது முதுகில் படும் மறைவான கரையே மேல். குளிர் வந்த மறுநாள் இரையை அள்ளி வீசினால் அது அடியில் கிடந்து அழுகும். சிறிய முள்ளில் ஓரிரு புழு, அல்லது ஒரே ஒரு சோளமணி போதும்.

இடிமழைக்கு முந்தைய புழுக்கமான இரவுகளில் கூடுதல் கவனம் வேண்டும். 10 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 20 டிகிரியில் சுமார் 9தான். இரவில் நீர்ச்செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில் அது மிகவும் குறைந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தால், தூண்டிலைச் சுருட்டிவிட்டு உடனே ஏரிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

சட்டமும் மீனும்

இங்கே நன்னீர் மீன்களுக்கான தடைக்காலம் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. இன்றும் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடக் கூடாது. பெரும்பாலான ஏரிகளுக்கு இது பொருந்தாது, முடிவு உரிமையாளர் கையில். வசந்தம் குளிர்ந்துபோன ஆண்டுகளில் ஜூன் 16க்குப் பிறகும் பார்பெல் மீன் ஆற்றின் சரளைத் திட்டுகளில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். சட்டம் அனுமதித்தாலும் அந்தத் திட்டுகளை நான் தொடுவதில்லை. அங்கே நீரில் இறங்கி நடந்தாலே முட்டைகள் நசுங்கிவிடும்.

பெண் கார்ப் தன் எடையில் கிலோவுக்கு ஒரு லட்சம் முட்டைக்கு மேல் இடும். அவற்றில் மிகச் சிலவே மீனாக வளரும், குளிர்ந்த ஆண்டில் அதுவும் குறையும். வரும் ஆண்டுகளில் நம் தக்கையை இழுக்கப்போவது அந்தச் சிலதான். மீன் முட்டையிடும் நாளில் தூண்டிலை உறையிலேயே வைத்துவிட்டு, நீரின் வெப்பத்தையும் காற்றின் திசையையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த மே மாதம் எந்தக் கரையில் உட்காரலாம், எந்தக் கரையை விட்டுவிட வேண்டும் என்று அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.