சங்கக் கடையில் புதிய சிப்பந்தி

தாமிரபரணிக் கால்வாய்களில் பிசான சாகுபடிக்குத் தண்ணீர் விடப்பட்டதும், அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஊர்தோறும் உள்ள கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலில் கூட்டம் சேர்ந்துவிடும். ஒருவர்க்கு உரம் வேண்டும். மற்றொருவர்க்குப் பயிர்க்கடன் வேண்டும். எல்லோர்க்கும் அவசரம். அவ்வேளையில் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் அண்மையில் நியமனம் பெற்ற ஓர் இளைஞராகவோ இளம்பெண்ணாகவோ இருக்கலாம். கணக்கு எழுத அவர் பயின்றிருக்கிறார். ஆனால் வருவோரிடம் நடந்துகொள்ளும் முறையை அவர்க்கு எவரேனும் கற்பித்தார்களா?

இனிய முகமும் பொறுமையும் பிறவியிலேயே அமைபவை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நாற்று நடுதலைப்போல் இதுவும் பழகப் பழகக் கைவரும் தொழிலேயாகும்.

இதன் முக்கியத்துவத்தை முதலில் உணர்தல் வேண்டும். கடன் சுமையினின்று குடியானவரை மீட்கும்பொருட்டே 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. வட்டிக்குக் கொடுப்பவரின் பலம் பணம் மட்டுமன்று. அவர் குடியானவரைப் பெயர் சொல்லி அழைத்தார். கேட்டவுடன் விடை சொன்னார். சங்கமோ ‘நாளைக்கு வாரும்’ என்று திருப்பி அனுப்புமாயின், வந்தவர்க்கு ஒரு நாள் கூலி போகிறது. மேலுரமிடும் பருவமும் தவறுகிறது. மூன்றாம் முறை அவர் சங்கத்திற்கு வாரார். மீண்டும் வட்டிக்கடைக்கே செல்வார்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளர் முதலிய 28 பேர் 1844-ஆம் ஆண்டு ஒரு சிறு கடை திறந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும்போலச் சில பொருள்களே அங்கு இருந்தன. ஆயினும் கலப்படமின்மையாலும் சரியான எடையாலும் அக்கடை உலகக் கூட்டுறவு இயக்கத்திற்கே வழிகாட்டியாயிற்று. நாணயமான சேவையே நமது இயக்கத்தின் அடிப்படை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனிப் புதியவர் பயில வேண்டியவற்றைப் பார்ப்போம்.

1. முழுவதும் கேட்டல். வந்தவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடலாகாது. நம் பக்கத்து முதியோர் இன்றும் நிலத்தைக் கோட்டை, மரக்கால் விதைப்பாட்டில் கூறுவதுண்டு. சிட்டாவிலோ ஹெக்டேர், ஏர் என்றிருக்கும். ‘சரியாகச் சொல்லும்’ என்று கடிந்துகொள்ளாமல், சிட்டாவைப் பார்த்து நாமே கணக்கிட்டுச் சொல்லுதல் நன்று. ஓர் ஏக்கர் ஏறத்தாழ 40 ஏர் என்பதை நினைவில் வைத்தால் போதும். பின்னர், ‘இவ்வளவு நிலத்திற்கு இன்ன உரம் கேட்கிறீர்கள், அப்படித்தானே?’ என்று திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

2. ஒரே தடவையில் விடை. கடன் கேட்டு வருபவரிடம் இன்று சிட்டா, நாளை அடங்கல், மறுநாள் ஆதார் நகல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அலைக்கழித்தல் பெருங்குறை. வேண்டிய ஆவணங்கள் அனைத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் அவர் ஒரே நடையில் முடித்துவிடுவார். எழுத்தறியாதவர்க்கு வாயாலும் இருமுறை சொல்ல வேண்டும்.

3. பொருளைப் பற்றிய அறிவு. யூரியா மூட்டை முன்னர் 50 கிலோவாக இருந்தது. 2018 முதல் 45 கிலோவாயிற்று. யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு. ஆகவே மூட்டைக்கு 23 கிலோவாக இருந்த சத்து இப்போது ஏறத்தாழ 20.7 கிலோவே. பழைய வழக்கப்படி மூட்டைக் கணக்கில் இடுபவர்க்கு இதை எடுத்துரைப்பது நம் கடமை. மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்காமையும், ரசீது தருதலும், யூரியாவுடன் வேண்டாத பொருளைக் கட்டாயமாகச் சேர்த்து விற்காமையும் இதனுள் அடங்கும்.

4. இல்லை என்னும் முறை. இருப்பு இல்லையெனில் மறைக்கலாகாது. என்று வரும் என்பது தெரிந்தால் அந்நாளைச் சொல்லலாம். தெரியாவிடில், ‘சரக்கு வந்ததும் பலகையில் எழுதுவோம்’ என்று கூறி, அவ்வாறே எழுத வேண்டும். நிறைவேற்ற இயலாத வாக்கு, மறுப்பினும் கொடியது.

5. கோபத்தைத் தாங்குதல். உரம் வாங்குவோர் விரல் ரேகை வைக்கும்போது, மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்காமல் போவதுண்டு. பிழை அவருடையதன்று. கையைத் துடைத்து வேறு விரலை வைக்கச் செய்யலாம். அதுவும் தவறினால் விதியிலுள்ள மாற்று வழியைச் செயலாளரிடம் கேட்டுச் செய்யலாம். வந்தவர் சினந்து பேசினாலும் நம் குரல் உயர்தல் கூடாது. அவர் சினம் பெரும்பாலும் நம்மீதன்று. பயிர் வாடுமே என்ற அச்சமே சினமாக வெளிப்படுகிறது.

பயிலும் முறையும் எளியதே. முதல் வாரம் அனுபவமுள்ளவர் அருகில் நின்று கவனிக்க வேண்டும். மறுவாரம் அவர் அருகிலிருக்கத் தாமே செய்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாலையும், இன்று வெறுங்கையுடன் திரும்பியோர் எத்தனை பேர், என்ன காரணத்தால் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். ஒரு மாதத்தில் அக்குறிப்பேடே அவர்க்குச் சிறந்த ஆசிரியராகிவிடும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் இதில் பங்குண்டு. நிழலும் குடிநீரும் முதியோர்க்கு ஒரு பெஞ்சும் அமைய உதவலாம். ஆவணப் பட்டியலைக் கிராம சபையில் படித்துக் காட்டலாம். எல்லாவற்றினும் மேலாக, வரிசையை மீறித் தமக்கு முதலில் தருமாறு கேளாதிருக்கலாம். செல்வாக்குடையவர்க்கு ஒரு நீதி, ஏழைக்கு ஒரு நீதி என்பதைப் புதிய சிப்பந்தி நம்மிடமிருந்து கற்றுக்கொண்டால், எந்தப் பயிற்சியாலும் அதைப் போக்க இயலாது.

சங்கத்தின் வளர்ச்சியை வரவு செலவு அறிக்கையால் அளக்கிறோம். அதனுடன் இன்னும் ஓர் அளவையும் சேர்ப்போம்: வந்தவர்களுள் வேலை முடியாமல் திரும்பியவர் எத்தனை பேர்? அத்தொகை மாதந்தோறும் குறையுமாறு செய்யும் சிப்பந்தியே தேர்ந்தவர். அவரை உருவாக்கிய ஊரே முன்னேறும் ஊர்.