ஸ்டூலில் ஏறுவதற்கு முன்: ஸ்மார்ட் பல்பு ரீசெட்

புது ரவுட்டர் வந்ததும் வீட்டு ஸ்மார்ட் பல்புகள் ஆப்பில் ‘ஆஃப்லைன்’ ஆகிவிடும். உடனே ரீசெட்டில் இறங்க வேண்டாம். பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் புது ரவுட்டருக்கும் வையுங்கள். பெரும்பாலும் பல்புகள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

அது பலிக்கவில்லையா, பல்பை வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறீர்களா? அப்போதுதான் ரீசெட். கொடுப்பதானால் முதலில் ஆப்பிலிருந்து நீக்குங்கள். தகவலையும் சேர்த்து அழிக்கும் தெரிவு இருந்தால் அதையே தொடுங்கள்.

அடுத்து, சுவர் சுவிட்ச். அதே சுவிட்சில் வேறு ஸ்மார்ட் பல்புகளும் எரிந்தால், அணைத்து, சூடு ஆறியபின் அவற்றைக் கழற்றிவிடுங்கள். இல்லையேல் எல்லாமே சேர்ந்து ரீசெட் ஆகிவிடும். துயா தொழில்நுட்பத்தில் ஓடும் மலிவு வைஃபை பல்புகள் பலவற்றில் மூன்று முறை போட்டுப்போட்டு அணைத்து, கடைசியில் எரியவிட்டால் வேகமாகச் சிமிட்டும். எண்ணிக்கை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். பெட்டியிலுள்ள தாளைப் பாருங்கள். திரும்பச் சேர்க்கும்போது போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கட்டும்.

ஒரு பொத்தான் வைத்திருக்கக் கூடாதா? பல்புக்குள் ஓடுவது வீட்டு மின்சாரம். பொத்தானுக்குத் துளை, ஷாக் அடிக்காத காப்பு, கூடுதல் உதிரிபாகம் என்று செலவு ஏறும். உச்சியில் இருப்பதால் கைக்கும் எட்டாது. ஆகவே சுவிட்சையே பொத்தானாக்கினார்கள். கரன்ட் வந்துபோவதை உள்ளிருக்கும் சிப் எண்ணும். சில விநாடி விடாமல் எரிந்தால் எண்ணிக்கையை அழித்துவிடும். உதிரிபாகச் செலவே இல்லை. ஆனால் மழை நாளில் கரன்ட் விட்டுவிட்டு வந்தால் அதையும் ரீசெட் என்றே எடுத்துக்கொள்ளும். இதைத் தடுக்க, போட்டு அணைக்கும் வரிசையை நீட்டினால் நம் பாடு திண்டாட்டம்: 2019இல் பேசப்பட்ட ஜி.இ. நிறுவனத்தின் பல்பு ரீசெட் வீடியோவின்படி 8 விநாடி எரியவிட்டு 2 விநாடி அணைப்பதை 5 முறை செய்ய வேண்டும். கடிகாரமும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.

பிலிப்ஸ் ஹியூ பல்பு வேறு வழி. சுவிட்சை எத்தனை முறை தட்டினாலும் அது ரீசெட் ஆகாது. ஆப்பிலிருந்து நீக்கலாம், அல்லது அதன் டிம்மர் ரிமோட்டைப் பல்பின் அருகே பிடித்து ஆன், ஆஃப் இரண்டையும் 10 விநாடி சேர்த்து அழுத்தலாம். பாதுகாப்பானது, விலையோ அதிகம்.

கரன்ட் அடிக்கடி போய்வரும் வீட்டுக்கு நான் சொல்வது, பொத்தான் உள்ள ஸ்மார்ட் பிளக் அல்லது ஸ்மார்ட் சுவிட்ச். கையெட்டும் இடத்தில் சில விநாடி அழுத்தினால் வேலை முடிந்தது. ஹியூதான் வேண்டுமென்றால், பல்பின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 6 குறிகள் கொண்ட குறியீட்டை மாட்டுவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். பிறகு ஆப் பல்பைக் கண்டுபிடிக்காவிட்டால் அதைக் கொடுத்துத்தான் தேட வேண்டும்.