‘கிராங்க் போச்சு’ என்று மெக்கானிக் சொன்னால்…

தென்னூர் உழவர் சந்தைக்கு மூட்டை சுமக்கும் எக்ஸ்எல் ஆகட்டும், சாஸ்திரி சாலையில் ஓடும் ஸ்ப்ளெண்டர் ஆகட்டும், இன்ஜினில் தட்டும் சத்தம் கேட்டாலே பலருக்குக் கிடைக்கும் பதில் இதுதான். பணம் கொடுக்கும் முன் பிரித்ததை நீங்களே பாருங்கள்.

1. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் முதலில் ஆயிலை இறக்கி, கொஞ்சம் வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். மின்னும் துகள் காந்தத்தில் ஒட்டினால் பேரிங், கியர், கேம் இவற்றில் ஏதோ தேய்கிறது. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம், பிஸ்டனைக் கவனியுங்கள்.

2. கேமை எடுக்குமுன் மேக்னெட்டில் உள்ள ‘டி’ குறியை நேராக்குங்கள். டைமிங் செயினைக் கம்பியால் கட்டிவையுங்கள். உள்ளே விழுந்தால் வேலை இரட்டிப்பு.

3. மேக்னெட்டைக் கழற்றப் புல்லர்தான். சுத்தியல் வேண்டவே வேண்டாம். இந்த வண்டிகளின் கிராங்க் ஒரே துண்டு அல்ல. இரண்டு பக்கத்தையும் நடுப் பின்னில் அழுத்திக் கோத்திருப்பார்கள். ஒரே அடியில் நேர் விலகிவிடலாம்.

4. கனெக்டிங் ராடைச் சோதிப்பதுதான் முக்கியம். பிக் எண்ட் பேரிங்கை மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவுங்கள். ஆயில் இருந்தால் ஆட்டம் மறைந்துவிடும். ராடை நேர்மேலே இழுத்து, கீழே அழுத்துங்கள். ‘டக்’ என்று கையில் தட்டினால் பேரிங் போயிற்று. பக்கவாட்டில் லேசாக நகர்வது இருக்கவேண்டிய இடைவெளி. அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

5. கேமின் மூக்கில் நகத்தை ஓட்டுங்கள். சொரசொரப்போ குழியோ தட்டினால் மாற்றவேண்டியதுதான். நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் போய்ச்சேரவில்லை. ஆயில் பம்ப்பையும் துவாரத்தையும் பார்க்காமல் புதுக் கேம் போடுவது வீண்செலவு.

6. பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல் சூப்பரில் வெள்ளைப் புகை வந்து, கியர் ஆயிலும் குறைந்தால் கிளட்ச் பக்க ஆயில் சீலைச் சந்தேகியுங்கள். சீல் மலிவு, கிராங்க் அப்படியல்ல.

7. கேஸைப் பிளக்க ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். கீறலில் ஆயில் கசியும். வாஷர்களை வந்த வரிசையிலேயே கம்பியில் கோத்துவையுங்கள்.

8. கிராங்க் வளைவு கண்ணுக்குத் தெரியாது. வி பிளாக்கில் வைத்து டயல் கேஜால் அளக்கும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பொன்மலைப் பணிமனையிலோ திருவெறும்பூர் பெல்லிலோ ஓய்வு பெற்றவர் தெருவில் இருந்தால், கேட்டுப் பாருங்கள். மைக்ரோமீட்டர் பிடிக்கவே சொல்லித்தருவார்.

9. பிஸ்டன் பின் சர்க்ளிப், ஆயில் சீல், பேக்கிங் மூன்றும் திரும்பப் பூட்டும்போது புதிதாகத்தான் போடவேண்டும்.