சீனரின் விரலழுத்த வைத்தியம்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதத்துடன் மண்டபத்தில் அமரும்போது எம்மவர் பேசிக்கொள்ளும் விடயங்களில் முதலிடம் பெறுவது நோவுதான். ஒருவருக்கு நாரிப்பிடிப்பு, ஒருவருக்குத் தோள்மூட்டு, இன்னொருவருக்கு முழங்கால் உளைவு. ஊரில் என்றால் பரியாரியாரிடம் எண்ணெய் வாங்கி உருவிவிட்டிருப்போம். இங்கே குடும்ப வைத்தியரிடம் போனால் 10 நிமிடத்தில் ஒரு குளிசைச் சீட்டுடன் வெளியே வருகிறோம். அதனால்தான் ஸ்காபரோவில் தமிழ்க் கடைகளுக்கு அருகே உள்ள சீன வைத்திய நிலையங்களுக்கு எம்மவர் போய்வருவது வழமையாகிவிட்டது. போகவேண்டாம் என்று சொல்ல நாம் இதை எழுதவில்லை. தெரிந்துகொண்டு போகவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

நாம் இந்த வைத்தியத்தை முதலில் அறிந்தது புத்தகத்தில் அல்ல. கனடா வந்த முதல் பனிக்காலத்தில், கணக்காளர் என்ற தகைமையைப் பெட்டிக்குள் பூட்டிவைத்துவிட்டு, இரவு நேரப் பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் நின்றோம். ஓர் இரவு தலையிடி தாங்காமல் சாப்பாட்டு அறையில் மேசையில் தலையை வைத்திருந்தபோது, பக்கத்தில் வேலைசெய்த வயதான சீன அம்மா எழுந்து வந்து, கேளாமலே எமது கையைப் பிடித்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதையை நெரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எமக்குச் சீனம் தெரியாது, இருவரிடமும் இருந்த ஆங்கிலம் அந்த நேரத்துக்குப் போதாது. கண்ணீர் வரும் அளவுக்கு நொந்தது. அவர் கையை விட்டபோது தலையிடி முற்றாகப் போய்விடவில்லை. ஆனால் திரும்பப் போய் வேலையில் நிற்கக்கூடிய அளவுக்குக் குறைந்திருந்தது. அன்று தொடங்கிய ஆர்வத்தில் கிடைத்த நூல்களையெல்லாம் வாசித்தோம்.

சீன மருத்துவத்தின் மூலநூல் மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்குவது. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்னர் தொகுக்கப்பட்டது என்பர். உடலில் ‘சி’ என்னும் உயிர்ச்சக்தி வழிகள் ஊடாக ஓடுகின்றது, அந்த ஓட்டம் தடைப்படும் இடத்தில் நோ உண்டாகின்றது, தடையை நீக்கினால் நோ நீங்கும் என்பது அதன் அடிப்படை. பிராணன், நாடி, வாயு என்று கேட்டு வளர்ந்த எமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் இரண்டும் ஒன்றே என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. எமது பஞ்சபூதங்கள் நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம். அவர்களுடைய ஐந்தோ மரம், தீ, மண், உலோகம், நீர். காற்றும் ஆகாயமும் அங்கே இல்லை. மரமும் உலோகமும் இங்கே இல்லை. பெயர்கள் மட்டுமன்றிக் கணக்கும் வேறு.

அவர்கள் முதன்மையாக 12 வழிகளும், உடலின் முன்னும் பின்னும் நடுவே ஓடும் 2 வழிகளும், அவற்றின்மேல் 361 புள்ளிகளும் கூறுவர். ஊசியால் குத்தினால் அக்குபங்சர், விரலால் அழுத்தினால் அக்குபிரஷர், உடல் முழுவதையும் உருவிப் பிசைந்தால் துய்நா. புள்ளியைக் கண்டுபிடிக்கும் முறையிலே சித்த வர்ம வைத்தியத்தோடு ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் அளவுகோல் நோயாளியின் சொந்த விரல். ஆறடி மனிதனுக்கும் சிறுபிள்ளைக்கும் ஒரே அங்குலக் கணக்குப் பொருந்தாது அல்லவா? சீனர் நோயாளியின் பெருவிரல் அகலத்தை ஒரு ‘சுன்’ என்பர். நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் 3 சுன்.

இலங்கைக்கும் இது புதிதல்ல. வைத்தியர் அன்ரன் ஜயசூரிய 1970களிலேயே கொழும்பு களுபோவில அரசினர் வைத்தியசாலையில் ஊசிச் சிகிச்சை அளித்தார். மேற்கு நாட்டவர் கவனம் திரும்பியது 1971இல். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங் நகரில் குடல்வால் சத்திரசிகிச்சைக்கு உள்ளானார். மயக்க மருந்து இல்லாமல் ஊசியாலேயே வெட்டினார்கள் என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. அது தவறு. வழமையான விறைப்பு ஊசி போட்டுத்தான் வெட்டினார்கள். பின்னர் வயிற்றில் ஏற்பட்ட பொருமலுக்கே அக்குபங்சர் செய்தார்கள்.

இனி வீட்டில் செய்யக்கூடிய மூன்று புள்ளிகளைப் பார்ப்போம்.

முதலாவது நெய்குவான், அதாவது ‘உள்வாசல்’. உள்ளங்கையை மேலே திருப்பி வையுங்கள். மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாகச் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து வையுங்கள். மூன்றாவது விரல் முடியும் இடத்தில், நடுவே ஓடும் இரண்டு தசைநார்களுக்கு இடையில் இருக்கிறது. பெருவிரலால் 2, 3 நிமிடம் அழுத்துங்கள். வாகனத்தில் போகும்போது வரும் குமட்டலுக்கும் சத்திக்கும் உரியது. மருந்துக்கடைகளில் விற்கும் மணிக்கட்டுப் பட்டியில் உள்ள குமிழ் அழுத்துவதும் இதே இடத்தைத்தான்.

இரண்டாவது ஹெகு. அந்தச் சீன அம்மா பிடித்த இடம். தலையிடிக்கும் பல்லுக்கொதிக்கும் உரியது. கர்ப்பிணிப் பெண்களுக்கு இதைத் தொடவேண்டாம் என்பது சீனரின் பழைய விதி. அதை மீறவேண்டிய தேவை எமக்கும் இல்லை.

மூன்றாவது சூசான்லி. முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்புறமாக உள்ள குழியிலிருந்து நான்கு விரல் கீழே, முன்னெலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. பெயரின் பொருள் ‘காலில் மூன்று லி’. ஒரு லி ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர். களைத்துப்போனவன் இதை அழுத்தினால் இன்னும் மூன்று லி நடப்பான் என்பது கதை. மடைப்பள்ளியில் நாள் முழுவதும் நிற்கும் அம்மாமார் பரீட்சித்துப் பார்க்கட்டும்!

இவை உண்மையில் வேலை செய்கின்றனவா? கணக்குப் பார்ப்பவர்களாகையால் இதை விசாரிக்காமல் எமக்கு நித்திரை வராது. 1997இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, சத்திரசிகிச்சைக்கும் புற்றுநோய் மருந்துக்கும் பின்னர் வரும் குமட்டலுக்கு ஊசிச் சிகிச்சை உதவுவதை ஏற்றுக்கொண்டது. நோ விடயத்தில் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. 2007இல் வெளியான ஜேர்மன் ஆய்வு ஒன்றில் நீண்டகால நாரிநோ உள்ள 1162 பேரை மூன்றாகப் பிரித்தனர். முறைப்படி உரிய புள்ளிகளில் ஊசி போடப்பட்டவர்களில் 47.6 வீதமானோர் 6 மாதத்தின் பின் பயன் கண்டனர். புள்ளியே அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 வீதம். வழமையான குளிசையும் உடற்பயிற்சியும் பெற்றவர்களில் 27.4 வீதம்.

இந்த மூன்று எண்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஊசிக்குப் போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள். ஆனால் ஊசி எந்த இடத்தில் ஏறியது என்பது பெரிய வித்தியாசத்தைச் செய்யவில்லை. அப்படியானால் நோவைக் குறைத்தது எது? ஒருவர் நேரம் எடுத்து அருகில் இருந்ததா, தொட்டதா, அரை மணித்தியாலம் அசையாமல் படுத்திருந்ததா, சுகம் வரும் என்ற நம்பிக்கையா? வரவு இருக்கிறது. எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான் கேள்வி. பிழையான கணக்கில் எழுதினால் என்ன நடக்கும் என்பதை நாம் எமது வீட்டிலேயே படித்தோம்.

அம்மாவுக்கு 20 வருடமாகச் சலரோகம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில், நெஞ்சுக்குக் கீழே ஓர் இறுக்கமும் இடது தோளில் உளைவும் என்றார். மாடிப்படி ஏறினால் கூடும். “வாய்வு” என்று அவரே பெயரும் வைத்துவிட்டார். நாமோ புத்தகம் படித்தவர்கள். நெய்குவான் நெஞ்சு இறுக்கத்துக்கும் உரியது என்று நூலில் இருக்கிறது. ஒவ்வொரு இரவும் அவரைக் கதிரையில் இருத்தி, 10 நிமிடம் அந்த இடத்தை அழுத்துவோம். “இப்ப நல்ல சுகமாய் இருக்குது ராசா” என்பார். எமக்கும் பெருமை. 3 கிழமை இப்படியே போயிற்று.

ஒரு விடியற்காலை வேர்த்து விறுவிறுத்துச் சத்தியும் எடுத்தார். 911 அழைத்தோம். இருதயத்துக்குப் போகும் இரண்டு குழாய்கள் அடைத்திருந்தன. அவசரப் பிரிவில் வைத்தியர், எவ்வளவு காலமாக இந்த நோ இருக்கிறது என்று கேட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்ப்பாளராக நின்றவர்கள் நாம்தான். மூன்று கிழமை என்று எமது வாயாலேயே சொல்லவேண்டியிருந்தது.

பின்னர் இருதய வைத்தியர் விளக்கினார். நடக்கும்போது கூடி, இருந்தால் தணியும் நோ இருதய நோவின் அடையாளம். 10 நிமிடம் கதிரையில் அசையாமல் இருந்ததாலேயே அது தணிந்தது. விரல் எங்கே இருந்தாலும் தணிந்திருக்கும். பெண்களுக்கும் சலரோகம் உள்ளவர்களுக்கும் இருதய நோ எப்போதும் சினிமாவில் வருவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. மூச்சு வாங்கல், களைப்பு, குமட்டல், மேல்வயிற்று உபாதை, தாடை நோ என்றும் வரலாம். அம்மா இன்று கோயிலுக்கு வருகிறார், சுகமாக இருக்கிறார். அது முருகன் அருளும் அந்த வைத்தியசாலையின் வேகமும். எமது வைத்தியத்தின் பயன் அல்ல.

எனவே சில நோக்களை அழுத்தித் தணிக்க முயலவே கூடாது. மேற்சொன்ன நெஞ்சு நோ ஒன்று. திடீரென இடிபோல் வரும் தலையிடி, முகம் ஒருபக்கம் இழுத்தல், பேச்சுக் குழறல். நாரிநோவுடன் சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல் அல்லது இருக்கும் இடம் விறைத்தல். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அங்கே இரத்தம் கட்டிபட்டிருக்கலாம். அதை உருவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. சலரோகத்தால் பாதம் விறைத்தவர்கள் முள்விரிப்பில் நடப்பதையும் சூடு வைக்கும் சிகிச்சையையும் தவிர்க்கவேண்டும். சுட்டது தெரியாது, புண் வந்த பின்னரே தெரியும்.

அடுத்தது மருந்துச் சரக்கு. இதில்தான் எமக்குப் பயம் அதிகம். விரலால் வரும் தீங்கு பெரும்பாலும் வெளியே தெரியும். குடிநீரால் வரும் தீங்கு சிறுநீரகத்துக்குள் ஒளிந்திருக்கும்.

சீன மூலிகையில் ஒன்றுமில்லை என்று சொல்பவர்களுக்கு தூ யூயூ அம்மையாரைக் காட்டலாம். 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய கைந்நூலில், சிங்ஹாவ் என்னும் பூண்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து காய்ச்சலுக்குக் குடிக்கும்படி ஒரு குறிப்பு உண்டு. காய்ச்சாமல் பிழி என்றதைக் கவனித்த அவர், சூட்டில் சத்து அழிகிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்தார். மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் இப்படித்தான் கிடைத்தது. 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அவர் பழைய நூலை நம்பியதோடு நிற்கவில்லை. சோதித்தார், தன் உடம்பிலும் சோதித்தார்.

சோதிக்காததன் விளைவை பெல்ஜியத்தில் கண்டார்கள். பிரசெல்ஸ் நகரில் உடல் மெலிவதற்கு ஒரு நிலையத்தில் கொடுத்த குளிசைகளில் 1990இல் சீன மூலிகைத் தூள் சேர்க்கப்பட்டது. சேர்க்க நினைத்தது ஹான் பாங்ஜி. சேர்ந்ததோ குவாங் பாங்ஜி. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் செடி வேறு. ஓரிரு ஆண்டுகளுக்குள் இளம் பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. 100க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பலருக்குப் பின்னர் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்தச் செடியில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலமே காரணம்.

இதை வாசித்துவிட்டுச் சீனரைக் குறைசொல்ல அவசரப்படவேண்டாம். எமது ஈச்சுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அதே குடும்பம், அதே அமிலம். ஊரிலிருந்து யாராவது பொதியில் அனுப்பினால், ‘எங்கட மருந்துதானே’ என்று குடிக்கவேண்டாம்.

இன்னொன்று. அம்மா இப்போது இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுக்கிறார். அப்படி வார்பரின் முதலிய மருந்து எடுப்பவர்கள் ஜின்செங், டாங்குவே போன்றவற்றைக் கேளாமல் எடுத்தால் மருந்தின் அளவு குழம்பும். சூப்பில் போட்டாலும் அதே கதைதான். என்ன எடுக்கிறீர்கள் என்பதைக் குடும்ப வைத்தியரிடம் மறைக்காதீர்கள். அவர் ஏசமாட்டார். ஏசினாலும் பரவாயில்லை.

வைத்தியரைத் தெரிவுசெய்வது பற்றி: ஒன்ராறியோவில் 2013 முதல் பாரம்பரிய சீன மருத்துவரும் அக்குபங்சர் செய்வோரும் தமக்குரிய கல்லூரியில் பதிவுசெய்ய வேண்டும். அந்தப் பதிவேட்டை எவரும் பார்க்கலாம். சுவரில் மாட்டிய சான்றிதழைவிட அதில் பெயர் இருக்கிறதா என்று பிள்ளைகளைக் கொண்டு பார்ப்பியுங்கள். மாகாண சுகாதார அட்டை இதற்குப் பணம் தராது. வேலைத்தலக் காப்புறுதி இருந்தால் கேட்டுப் பாருங்கள். எமது தொழில் காரணமாக ஒரு வார்த்தை: பதிவுபெற்றவரிடம் செலுத்திய கட்டணத்தை வருமானவரிப் பத்திரத்தில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். பதிவு இலக்கம் உள்ள பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கடையில் நிறுத்து வாங்கிய வேருக்கும் பட்டைக்கும் காட்ட முடியாது. ஒவ்வொரு பங்குனியிலும் யாராவது ஒருவர் அந்தத் துண்டையும் கொண்டுவந்து எம்முடன் வாதாடுவார்.

மூன்று புள்ளிகளையும் நேரில் பார்க்க விரும்புவோர் அடுத்த மாத முதல் ஞாயிறு மதியப் பூசைக்குப் பின் கீழ் மண்டபத்துக்கு வரலாம். கட்டணம் இல்லை. அழிக்கக்கூடிய பேனா ஒன்றும், எடுக்கும் குளிசைகளின் பெயர்ப் பட்டியலும் கொண்டுவாருங்கள். பட்டியலைப் பார்த்த பின்னரே கையைப் பிடிப்போம். கையைக் காட்ட அம்மா சம்மதித்திருக்கிறார்.