மின்சாரக் கிட்டாரில் புதுப் பிக்கப்பும் பழகாச் செவியும்

வீணை, தம்பூர் முதலிய நம் தந்தி வாத்தியங்களில், தந்தியின் அசைவு குதிரையின் வழியே குடத்தை அடைந்து, அதனுள் அடங்கிய காற்றை அசைத்துச் சப்தமாய் வெளிப்படுகின்றது. மின்சாரக் கிட்டாருக்கோ பெரும்பாலும் குடமே இல்லை. கெட்டியான மரப்பலகையின்மேல் இழுத்துக் கட்டிய எஃகுத் தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றி ஆம்ப்ளிபயருக்கு அனுப்புவது, தந்திகளின்கீழ்ப் பொருத்தப்பட்ட பிக்கப் என்னும் சிறு உறுப்பேயாகும். ஆதலின் பிக்கப்பை மாற்றுதல் அவ்வாத்தியத்தின் குரலையே மாற்றுதலாம். அங்ஙனம் மாற்றியோர் பலர் முதல் நாள் பெருமகிழ்வெய்தி, மூன்றாம் நாள் ஐயுற்று, இரண்டு வாரங்களுக்குள் அதனைக் கழற்றி விற்கத் துணிவதைக் காண்கிறோம். மாணவர் கையிருப்புக்கு இது சிறு செலவன்று. இவ்வாறு கைவிடப்படுவனவற்றுட் பல எவ்விதக் குற்றமும் இல்லாதவை. உயரம் சீராய் வைக்கப்படாமையும், செவிக்குப் போதிய அவகாசம் கொடுக்கப்படாமையுமே அவை வெறுக்கப்படுதற்குக் காரணங்கள். இவ்விரண்டையும் பற்றியே ஈண்டு எழுதலுற்றோம்.

பிக்கப் தொழிற்படும் விதம் பௌதிக மாணவர் அறிந்ததே. காந்தப் புலம் மாறுபடும்போது அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் தோன்றும் என்பதை மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். பிக்கப்பினுள் நிலைத்த காந்தமும், அதனைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றாக அமைந்த தலைமயிர் போன்ற செப்புக் கம்பியும் உள்ளன. காந்தத்தின் அருகேயிருக்கும் எஃகுத் தந்தி தானும் சிறிது காந்தத் தன்மை பெறுகின்றது. அஃது அசையும்போது சுருளினூடே செல்லும் புலம் மாறுபட, தந்தியின் அசைவை ஒத்த மின்னசைவு கம்பியிற் பிறக்கின்றது. இத்தத்துவத்தைக் கிட்டாருக்குப் பயன்படுத்தி வெற்றி கண்டவர் அமெரிக்க நாட்டவரான ஜார்ஜ் பீச்சம் என்பவர். 1931-இல் அவர் அமைத்ததும், மறு ஆண்டில் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து விற்பனைக்குக் கொணர்ந்ததும் ஆகிய கிட்டார், வட்ட உடலும் நீண்ட தண்டியும் கொண்டு பொரிக்கும் சட்டியைப் போன்றிருந்தமையால் அப்பெயராலேயே வழங்கப்பட்டது. அதற்குரிய காப்புரிமை 1937-இற்றான் கிடைத்தது. பின்னர் 1954-இல் பெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கிட்டாரில் மூன்று பிக்கப்புகள் இருந்தன. ஒற்றைச் சுருளாலாகிய இவை தெளிந்த நாதம் தருவனவாயினும், சுற்றிலுமுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் உடன் வாங்கிக்கொள்ளும். இக்குறையை நீக்க, கிப்ஸன் நிறுவனத்தைச் சேர்ந்த சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராய் இணைத்து, இரைச்சல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளுமாறு செய்த ஹம்பக்கர் என்பது 1957 முதல் அந்நிறுவனத்தின் கிட்டார்களில் இடம்பெற்றது.

இனிப் புதுப் பிக்கப்பைப் பொருத்தியவன் முதலிற் செய்யவேண்டுவது யாது? பெரும்பாலோர் உடனே திருப்புளியை எடுப்பர். அது முறையன்று. பொருத்துங்கால் பழைய தந்திகளைக் கழற்றிப் புதியன கட்டியிருப்பர். புதுத் தந்தி இயல்பாகவே பளபளத்த ஒலியுடையது. அவ்வொலியைப் பிக்கப்பின் கூர்மை என்றெண்ணிப் பழிப்போரும் உளர், புகழ்வோரும் உளர். இரண்டொரு நாள் வாசித்துத் தந்தி அடங்கிய பின்னரே தீர்ப்புக் கூறுதல் தகும். அன்றியும், மெட்டுகளுக்குமேல் தந்தி நிற்கும் உயரத்தை முன்னதாகவே சரி செய்துவிடவேண்டும். பிக்கப்பின் உயரத்தை வைத்துவிட்டுப் பின்பு தந்தியை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் முந்திய வேலை வீணாகும்.

கம்பி இணைப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளல் வேண்டும். இரண்டு பிக்கப்புகளைத் தனித்தனியே இயக்கும்போது நாதம் நிறைந்திருந்து, ஒருங்கே இயக்கும்போது மட்டும் மெலிந்து, மூக்கினாற் பாடுவது போலக் கேட்குமாயின், ஒன்றன் மின்னசைவு மற்றொன்றனுக்கு எதிர்த்திசையிற் செல்கின்றது என்று அறிக. மூன்றனுள் ஒன்றை மட்டும் வேறோர் உற்பத்தியாளரிடம் வாங்கிப் பொருத்துவோர்க்கு இது நேர்வதுண்டு. ஒற்றைச் சுருளாயின் அதன் இரு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்தால் போதும். மேலுள்ள உலோக மூடியோடு ஒரு கம்பி இணைந்திருக்குமேல் அவ்விணைப்பையும் பிரிக்க வேண்டியிருத்தலின், கைபழகியவரிடம் கொடுத்தலே நலம். இக்குற்றம் உள்ளவரை உயரத்தை எவ்வளவு திருத்தினும் பயனில்லை.

உயரம் வைக்கும் முறை வருமாறு: ஆறாம் தந்தியைக் கடைசி மெட்டில் அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்புறத்திற்கும் அதன்கீழுள்ள காந்தத்தின் தலைக்கும் இடையேயுள்ள தூரத்தை அளக்க வேண்டும். முதல் தந்திக்கும் அவ்வாறே செய்க. பழைய முறையிலமைந்த ஒற்றைச் சுருள்களுக்கு ஆறாம் தந்திப் பக்கம் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டரும், முதல் தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டரும் தொடக்க அளவாகப் பெண்டர் நிறுவனத்தார் கூறுவர். ஹம்பக்கர்களுக்குத் தண்டியின் அருகே 2.4 மில்லிமீட்டரும் குதிரையின் அருகே 1.6 மில்லிமீட்டரும் கிப்ஸன் முறை. குதிரையருகே பிக்கப் உயர்ந்து நிற்பதற்குக் காரணம் எளிது: குதிரையை நெருங்க நெருங்கத் தந்தியின் அசைவு சிறுத்துவிடும், தண்டியருகே அகன்றிருக்கும். இரண்டும் ஒத்த பலத்தோடு ஒலிக்க வேண்டுமாயின் பின்னையது சற்று விலகியே இருக்கவேண்டும். பக்கத் திருகாணிகளை வலமாய்த் திருகினால் பிக்கப் மேலெழும்; இடமாய்த் திருகினால் தாழும். திருப்புளி எஃகாதலால் காந்தம் அதனைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். அதன் முனை வழுக்கி மெல்லிய கம்பியில் பட்டு அறுத்துவிட்டால் பிக்கப்பின் ஆயுள் அவ்வளவே.

இவ்வளவுகள் தொடக்கமேயன்றி முடிவல்ல. இங்கிருந்து கால் திருகு, அரைத் திருகு என்று நகர்ந்து, ஒவ்வொரு முறையும் வாசித்துப் பார்த்தல் வேண்டும். தம்பூரின் குதிரைமேல் ஜீவா என்னும் நூலை மயிரிழையளவு நகர்த்தி நாதம் பிடிப்போர்க்கு இப்பொறுமை புதிதன்று.

இளைஞர் பெரிதும் விரும்புவது பிக்கப்பைத் தந்திக்கு மிக நெருக்கமாய் உயர்த்தி வைத்தலையே. ஒலி பெருகுகின்றதன்றோ என்பர். பெருகுதல் உண்மையே, அதற்குக் கொடுக்கும் விலையைத்தான் அவர் அறியார். காந்தம் தந்தியின் அசைவை உணர்வதோடு அமையாமல் தந்தியைத் தன்பால் இழுக்கவும் செய்கின்றது. தந்தி மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலுமாக இருவகையாய் அசைவது. காந்தத்தின் இழுப்பு மேல்கீழ் அசைவையே மிகுதியும் பாதிப்பதால், ஒரே தந்தியில் சிறிதே வேறுபட்ட இரண்டு சுருதிகள் ஒருங்கே எழுகின்றன. இவை மோதுவதால் உண்டாகும் விம்மல், ஆறாம் தந்தியை மேல் மெட்டுகளில் வாசிக்கும்போது தெளிவாய்க் கேட்கும். சுருதி காட்டும் கருவியின் முள்ளும் ஓரிடத்தில் நில்லாது. நாதமும் நீளாமல் விரைவில் ஓய்ந்துவிடும். இதனை அறியாதார் தந்தியைப் பழிப்பர், மெட்டைப் பழிப்பர், குதிரையிலுள்ள தாங்கிகளை முன்னும் பின்னும் நகர்த்திச் சுருதி காண முயன்று சலிப்பர். ஒற்றைச் சுருளில் அலுமினியம், நிக்கல், கோபால்ட்டு ஆகியவை இரும்போடு கலந்த அல்னிகோக் காந்தக் கட்டைகளே தந்திக்கு நேர்கீழே நிற்பதால் அங்கு இவ்விடர் மிகுதி. ஹம்பக்கரிலோ காந்தம் அடியிற் கிடக்க, மேலுள்ளவை இரும்புத் துண்டுகளே; இழுப்புக் குறைவாகையால் அதனை நெருக்கி வைத்தல் கூடும். ஐயம் எழுமாயின் மூன்று பிக்கப்புகளையும் ஒருமுறை நன்றாய்த் தாழ்த்திவிட்டு அதே சுரத்தை மீட்டிப் பார்க்க. விம்மல் மறைந்தால் குற்றம் காந்தத்தினதே. அதன்பின் ஒவ்வொன்றாய் உயர்த்தி, விம்மல் தோன்றும் இடத்திற்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொள்ளலாம்.

கமகத்தைக் கருதி வாசிப்போர்க்கு இன்னொரு செய்தியும் உண்டு. யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்சார மாண்டலினைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கிய பின்னர், கிட்டாரிலும் இராகம் வாசிக்க விழைவோர் நம்மிடையே உளர். தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அது தன் காந்தத்தை விட்டு அடுத்ததன் எல்லையிற் புகுகின்றது. பிக்கப் மிக நெருங்கியிருப்பின் அவ்விடைவெளியில் ஒலி சற்றே தளரும். சிறிது தாழ்த்தினால் அத்தளர்ச்சி குறையும்.

மூன்றாம் தந்தி மட்டும் மற்றவற்றை மீறிக் கத்துகின்றதே என்னும் முறையீடு மிகப் பழையது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் தோன்றிய காலத்தில் மூன்றாம் தந்தி, கம்பி சுற்றிய தந்தியாயிருந்தது. அதற்கேற்ப அதன் காந்தக் கட்டையை உயர்த்தி வைத்தனர். இக்காலத்தில் அது சுற்றில்லாத வெறுந்தந்தி. ஆகவே மிகைபட ஒலிக்கின்றது. பழைய வடிவத்தை அப்படியே பின்பற்றும் புதுப் பிக்கப்புகளிலும் இவ்வேறுபாடு தொடர்ந்து வருகின்றது. அக்கட்டையை விரலால் அழுத்தித் தாழ்த்தலாமே என்று எவரும் நினைத்தலாகாது. பழைய அமைப்பில் செப்புக் கம்பி காந்தக் கட்டையை ஒட்டியே சுற்றப்பட்டிருப்பதால், கட்டை நகர்ந்தால் கம்பி அறும். முதல் தந்திப் பக்கத்தைச் சிறிது தாழ்த்திப் பார்க்கலாம். அதிலும் அமைதி கிட்டாதாயின், தலைகள் சமமாயுள்ள பிக்கப்பைத் தேடுதலே வழி.

வாத்தியத்தின் பக்கம் இவ்வளவு. இனிச் செவியின் பக்கம் வருவோம், இதுவே கடினமானது. புதுப் பிக்கப் பழையதைவிடப் பலமுடையதாயின், அது சிறந்தது என்று செவி உடனே சான்று கூறிவிடும். அச்சான்றை நம்புதற்கில்லை. பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த பிளெச்சர், மன்ஸன் என்னும் இருவர் 1933-இல் வெளியிட்ட ஆராய்ச்சியால், மெல்லிய ஒலியில் நம் செவி மந்திர சுரங்களைக் குறைவாகவே உணர்கின்றது என்பதும், ஒலி பெருகப் பெருக அவை நிறைந்து கேட்கின்றன என்பதும் விளங்கின. எனவே ஒலி சிறிது கூடினாலே நாதம் செழித்துவிட்டது போன்ற மயக்கம் உண்டாகும். பழையதையும் புதியதையும் ஒப்பிட விரும்புவோன் ஆம்ப்ளிபயரின் குமிழைத் திருப்பி இரண்டையும் ஒரே அளவு ஒலிக்கச் செய்து, பின்னரே கேட்டல் வேண்டும். பழையது கழன்றுபோன பின் ஒப்பிடுவதெப்படி என்னலாம். ஆதலாற்றான் கழற்றுமுன் ஒரு சிறு பகுதியை வாசித்து ஒலிப்பதிவு செய்துகொள்ளும்படி வற்புறுத்துகிறோம். நேற்றுக் கேட்ட நாதத்தின் நுட்பத்தை இன்று நினைவினின்றும் எடுத்துப் பார்க்கும் ஆற்றல் நம்முள் மிகச் சிலர்க்கே உண்டு.

பிக்கப் நாட்பட நாட்படப் பழுத்து இனிமையாகும் என்றும், முதல் மாதத்தில் அதன் குரல் தானே மாறும் என்றும் சிலர் சொல்வர். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு வாசிக்க வாசிக்கத் தளர்வது உண்மை. பிக்கப்பினுள் உள்ள காந்தமும் செப்புக் கம்பியுமோ சில வாரங்களில் அவ்வாறு மாறுவன அல்ல. மாறுவது வாசிப்போனே. பலமுள்ள பிக்கப்பில் ஆம்ப்ளிபயர் முன்னதாகவே கரகரக்கத் தொடங்குமாதலின், அவன் கை தன்னையறியாமல் மெல்ல மீட்டப் பழகுகின்றது; கூர்மையுள்ளதாயின் மீட்டும் இடம் குதிரையை விட்டுத் தண்டியின் பக்கம் நகர்கின்றது. முதல் வாரத்தில் குத்திய ஒலி மூன்றாம் வாரத்தில் இயல்பாய்த் தோன்றுவது இதனாலேயே. இப்பழக்கம் அமையுமுன் ஒவ்வொரு மாலையும் உயரத்தை மாற்றிக்கொண்டிருப்போன் எதற்கும் பழகான். தொடக்க அளவில் வைத்து, ஆம்ப்ளிபயரின் குமிழ்களைப் பழைய நிலையிலேயே விட்டுவிடாமல் புதிதாய்த் தேடிக்கொண்டு, ஒரு வாரமேனும் திருப்புளியைத் தொடாமல் வாசித்தல் நம் கருத்தில் மிக்க பயன் தருவது. தனியறையில் மட்டுமன்றிப் பிற வாத்தியங்களோடும் சேர்ந்து வாசிக்க வேண்டும். தனியே கேட்குங்கால் மெலிந்ததாய்த் தோன்றிய குரல் கூட்டிசையில் தனக்குரிய இடத்தைத் தெளிவாய்ப் பெறுவதும், தனியே பருத்து இனித்தது அங்கே தாழ்சுரக் கிட்டாரோடு கலந்து மறைவதும் உண்டு.

அதன் பின்னும் கூர்மை பொறுக்கலாற்றாததாயின் கம்பியையும் குமிழையும் நோக்குக. கிட்டாரினின்றும் ஆம்ப்ளிபயருக்குச் செல்லும் கம்பி நீள நீள உச்ச ஒலிகள் மழுங்கும். மூன்று மீட்டர்க் கம்பியில் குத்தும் பிக்கப் ஆறு மீட்டர்க் கம்பியில் அடங்கிவிடலாம். ஒலியளவுக் குமிழின் தடையும் அவ்வாறே: ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓமும் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓமும் வழக்கம். ஒற்றைச் சுருளை எடுத்துவிட்டு ஹம்பக்கர் வைத்தவன் பழைய குமிழையே விட்டிருந்தால் நாதம் மங்கியிருக்கும். மாறிச் செய்தவனுக்குக் கீச்சென்றிருக்கும். இவற்றின் விலை பிக்கப்பின் விலையில் ஒரு சிறு பங்கே. இவையெல்லாம் பார்த்து, மூன்று வாரமும் கழிந்து, அதன்பின்னும் மனம் ஒவ்வாதாயின் தயங்காது மாற்றிவிடலாம். ஒத்ததாயின், ஆறாம் தந்திப் பக்கமும் முதல் தந்திப் பக்கமும் உள்ள தூரங்களை அளந்து ஒரு தாளில் எழுதிக் கிட்டார்ப் பெட்டியினுள் வைத்துக்கொள்க. மழைக்காலத்தில் தண்டி சிறிது வளைந்து தந்தியின் உயரம் பெயர்ந்தால் அத்தாள் வேண்டியிருக்கும்.