பால்வாடி வாசலில் தள்ளி நிற்பவர்களுக்கு

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளர், விழுப்புரம் மாவட்டம்

கேள்வி: மதுரையிலிருந்து மாற்றலாகித் திண்டிவனம் வந்திருக்கிறோம். ப்ரீ-கேஜியில் விட்டதும் மகன் அழுகிறான். ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டுத்தான் ஆபீஸ் போகிறேன். ஊர் புதுசு என்பதாலா?
– ஒரு தந்தை, திண்டிவனம்

பதில்: ஊர் உங்களுக்குத்தான் புதுசு. ஜன்னலில் அப்பா முகம் தெரிகிறவரை எந்தப் பிள்ளை அழுகையை நிறுத்தும்? "சாயங்காலம் வருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொல்லாமல் மட்டும் நழுவாதீர்கள். மறுநாள் கழுத்தை விடமாட்டான்.

கேள்வி: எங்கள் மாடியில் குடியிருக்கும் பீகார் குடும்பத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை. அப்பாவுக்குக் கட்டட வேலை. ஆதாரில் பீகார் முகவரி. இங்கே ரேஷன் கார்டும் இல்லை. பால்வாடியில் சேர்ப்பார்களா?
– வீட்டுக்காரர், விழுப்புரம்

பதில்: சேர்ப்பார்கள். ரேஷன் கார்டுக்கும் பால்வாடிக்கும் சம்பந்தமில்லை. சொந்த ஊரில் ஏற்கெனவே பதிந்திருந்தால், அந்தப் பதிவை போஷன் டிராக்கர் செயலியில் இங்கே மாற்றிக்கொள்ள வழி உண்டு. தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். மாசாமாசம் வாடகை வாங்குகிறீர்கள், ஒரு நாள் தமிழ் பேசிக் கொடுத்தால் குறைந்துவிடாது.

கேள்வி: இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவள் நான். மகளைப் பால்வாடியில் சேர்த்திருக்கிறேன். ஊர் அம்மாக்கள் கூடி நின்று பேசுகிறார்கள். நான் தள்ளி நின்று பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். குடியுரிமை இல்லாத நாங்கள் அங்கே எதையும் உரிமையோடு கேட்கலாமா?
– பெயர் வேண்டாம், கீழ்ப்புத்துப்பட்டு

பதில்: கேட்கலாம், கேட்க வேண்டும். 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்குப் பிறப்பு மட்டுமே குடியுரிமை தராது என்பது சட்டம். அதற்கு வக்கீலைப் பாருங்கள். பால்வாடி டீச்சருக்கு அந்தக் கணக்கு வேண்டாம். பிள்ளை சாப்பிட்டதா, எடை ஏறியதா, அதுதான் அவர் நோட்டில் இருக்கும்.

தள்ளி நிற்பதை அடக்கம் என்று நினைக்கிறீர்கள். எதிரே நிற்பவர்களுக்கு அது "நம்மோடு பேசப் பிடிக்கலை போல" என்றுதான் தெரியும். அவர்களும் முதலில் பேச மாட்டார்கள். இரண்டு பக்கமும் காத்திருந்து, பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்கே போய்விடும். இதை எத்தனையோ வாசல்களில் பார்த்து அலுத்துவிட்டேன்.

எடை பார்க்கும் நாளில் போங்கள். தராசில் ஏறமாட்டேன் என்று ஒரு வாண்டு டீச்சர் புடவையைப் பிடித்துக்கொண்டு கத்தும். இன்னொன்று செருப்போடு ஏறி நிற்கும். டீச்சருக்கும் ஆயாவுக்கும் கை போதாது. நீங்கள் போய் அந்தச் செருப்பைக் கழற்றிவிடுங்கள். "உங்க பாப்பா எத்தனை கிலோ?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். பிள்ளை எடையைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாத தாயை நான் பார்த்ததில்லை. அவர் குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது விசாரியுங்கள். உங்கள் பஸ் தாமதமாகும் நாளில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். கொடுத்தால் மட்டும் போதாது, வாங்கவும் தெரிய வேண்டும். எதையும் கேட்காதவரை விருந்தாளிதான்.

நாளைக்கு அரசுப் பள்ளியில் சேர்த்ததும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் கடைசி வரிசையில் உட்காராதீர்கள்.

ஊர் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை: "முகாம் பிள்ளை" என்று பேச்சுவாக்கில் சொல்கிறீர்களே, பிள்ளைக்குப் பெயர் இருக்கிறது.

கேள்வி: மகள் டொராண்டோவில் இருக்கிறாள். செப்டம்பரில் பேரனுக்கு ஜூனியர் கிண்டர்கார்டன். "ஸ்கூல் வாசலில் யாரையும் தெரியாதும்மா" என்று தினமும் போனில் புலம்புகிறாள்.
– ஒரு பாட்டி, திண்டிவனம்

பதில்: ஒன்டாரியோவில் 'எர்லிஆன்' மையங்கள் உண்டு. ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, கட்டணம் கிடையாது. பிள்ளையை விட்டுவிட்டு ஓட முடியாது, பெரியவர்களும் கூட இருந்து விளையாட வேண்டும். செப்டம்பருக்கு முன்பே போகச் சொல்லுங்கள். வாசலில் நிற்கப்போகிற முகங்களில் சில அங்கேயே பழகிவிடும். நீங்கள் தினமும் போன் பேசுவதைக் கொஞ்சம் குறையுங்கள், அவளுக்கு அங்கே பேச ஆள் தேட நேரம் கிடைக்கும். மிச்சமாகும் நேரத்தில், உங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த வெளியூர்ப் பெண்ணிடம் நீங்கள் பேசலாம்.